பழைய கொட்டகை ஓரத்து ஹைட்ரேஞ்சியா: வளர்த்தவங்க சொல்லுங்க

குன்னூரிலிருந்து:
வீட்டுக்குப் பின்னால பழைய விறகுக் கொட்டகை. அதோட வடக்குப் பக்கம் வெயில் எட்டாது, கூரைத் தண்ணி சொட்டிச் சொட்டி எப்பவும் ஈரம். ரோஜா அங்கே தங்கவே இல்லை. ஹைட்ரேஞ்சியா மட்டும் இடுப்பு உயரத்துக்கு அடர்ந்து நிக்குது.

எனக்கு ஆச்சரியம் நிறம்தான். ஒரே தாய்ச்செடியில வெட்டி நட்ட கிளைகள். வேலியோரம் நட்டது நல்ல நீலம், சுவரை ஒட்டி நட்டது ரோஸ். காரணம் சுவர்ல அடிச்ச சுண்ணாம்புன்னு நினைக்கிறேன். நம்ம தேயிலை மண் புளிப்பு மண். அதுல இருக்கிற அலுமினியத்தைச் செடி உறிஞ்சினா பூ நீலமாகும். மழையில கரைஞ்சு இறங்குற சுண்ணாம்பு புளிப்பை முறிச்சிடும், அலுமினியம் வேருக்குக் கிடைக்காது. நீலம்தான் வேணும்னா சுவரை விட்டு ரெண்டு மூணு அடி தள்ளி நடுங்க.

கொடைக்கானலிலிருந்து:
இங்கேயும் அப்படித்தான். படிகாரத்தைத் தண்ணியில கரைச்சு அளவா ஊத்துவேன், அடுத்த பூவுக்கு நீலம் ஏறும். அதிகம் ஊத்தினா வேர் கருகும். வெள்ளை ரகத்துக்கு இது பலிக்காது. இன்னொண்ணு, ஈரம் வேற, தேங்குற தண்ணி வேற. கூரைத் தண்ணி விழுற இடத்துல சின்னதா ஒரு வாய்க்கால் வெட்டி ஓடவிட்டேன். அதுக்கு முன்னாடி அந்த மூலையில வெச்ச செடியெல்லாம் வேர் அழுகிப் போச்சு.

ஊட்டியிலிருந்து:
எங்களுக்குக் கொட்டகையோட அருமை தெரியுறது டிசம்பர், ஜனவரியில. திறந்த வெளியில நிக்கிற செடியோட நுனி மொட்டை உறைபனி கருக்கிடும். கூரை நீட்டத்துக்குக் கீழே இருக்கிறது தப்பிக்கும். அடுத்த வருஷப் பூவுக்கான மொட்டு பழைய தண்டுலதான் உருவாகுது, அதனால பனிக்காலத்துல ஒட்ட வெட்டாதீங்க. அந்த வருஷம் வெறும் இலைதான் மிஞ்சும். பூ முடிஞ்சதும் வாடின தலையை மட்டும் கிள்ளினாப் போதும்.

கோத்தகிரியிலிருந்து:
கொட்டகையில ஆடு மாடு கட்டுறவங்க கவனிங்க. இலையும் மொட்டும் விஷம், சயனைடு உண்டாக்குற பொருள் அதுல இருக்கு. நாங்க ஆடு எட்டாத தூரத்துல மூங்கில் தடுப்பு கட்டினோம். வெட்டின கழிவையும் தீவனத்தோட கலக்க விடுறதில்லை. கிளை வேணும்னா ஜூன் மழை பிடிச்சதும் பூக்காத தண்டாப் பார்த்து, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நடுங்க, சுலபமா வேர் பிடிக்கும்.