1964 டாடா மெர்சிடிஸ் பஸ்: இற்றுப்போன தேக்குத் தூண்களை என்ன செய்யலாம்?

பூண்டி பட்டறை

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீட்டோடு சேர்ந்த பட்டறை என்னுடையது. பவர் டில்லர், பம்புசெட், அறுவடை மிஷின் இவைதான் பிழைப்பு. போன மாசியில் ஒரு பழைய அரிசி ஆலைக் கொட்டகையிலிருந்து மூக்கு வைத்த பஸ் ஒன்றை வாங்கி வந்தேன். 1964 வண்டி. முப்பது வருடமாக அதற்குள் உமி மூட்டை அடுக்கியிருந்தார்கள். டாடாவும் ஜெர்மன்காரர்களும் 1954 முதல் 1969 வரை சேர்ந்து வண்டி செய்த காலத்தது. முகப்பில் அந்த மூன்று முனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது.

எஞ்சின் பற்றிக் கவலை இல்லை. ஆறு சிலிண்டர், 4.6 லிட்டர் டீசல். இறுகிக் கிடந்தது. இஞ்செக்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, பதினொரு நாள் தொடாமல் விட்டேன். பன்னிரண்டாம் நாள் கிராங்க் புல்லி நட்டில் நீளக் கம்பி போட்டு நெம்பினால் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

தடுமாற்றம் பாடியில்தான். கூடு முழுக்கத் தேக்கு, மேலே அலுமினியத் தகடு. தகட்டைக் கழற்றிப் பார்த்தால் இடப்பக்கம் ஏழு தூணில் ஐந்து, அடியில் முக்கால் முழத்துக்கு இற்றுப்போயிருக்கிறது. கத்தி வைத்தால் புட்டு மாதிரி உதிர்கிறது. அதற்கு மேலே உளி இறங்க மறுக்கிறது. லேசாக இழைத்துவிட்டால் எண்ணெய்ப் பசையும் தேக்கு வாசனையும் அப்படியே வருகின்றன.

வெல்டிங் அண்ணன் ஒருவர் இரண்டங்குலச் சதுரக் குழாயில் தூண் வைத்துவிடலாம், நாலு நாள் வேலை என்கிறார். என்னிடம் மரமும் இருக்கிறது. அப்பா நட்ட இரண்டு தேக்கு, 2018 கஜா புயலில் கொல்லையில் சாய்ந்தவை. அறுத்துப் பரணில் அடுக்கியிருக்கிறேன். அந்த மரம் இந்த வண்டிக்குள் போனால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. குழாயா, மரமா? மரம் என்றால் முழுத் தூணையும் மாற்றுவதா, அடியை மட்டும் ஒட்டுவதா?

இன்னொன்று. பக்கத் தகட்டின் பச்சைப் பெயின்ட்டை 400 நம்பர் தாளால் கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்தேன். நனைத்துத்தான் தேய்த்தேன், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், தூசி மூச்சில் போகக் கூடாது. பச்சைக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே சிவப்பு, சிவப்பின் மேல் மஞ்சளில் ஒரு வளைவு. மூன்று சாயங்காலம் தேய்த்த பிறகுதான் புரிந்தது, அது பழைய ‘னா’. கால் போட்டது இல்லை, எழுத்தோடு சேர்ந்து சுழித்து இறங்கும் னா. மன்னார்குடி! அடுத்து திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். இதை எப்படிக் காப்பாற்றுவது?

கரூர் பாடி கட்டியவன்

தம்பி, முப்பத்தெட்டு வருடம் பஸ் பாடி கட்டினேன். ஆரம்பத்தில் மரக்கூட்டிலும் வேலை செய்திருக்கிறேன்.

குழாயை மரத்தோடு கலக்காதீர்கள். சேசிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், ஓடும்போது முறுக்கிக்கொள்ளும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கூடு முழுவதும் கொஞ்சம் கொஞ்சம் நெளிந்து கொடுக்க வேண்டும். மரமும் போல்ட்டும் கொடுக்கும், வெல்டு அடித்த குழாய் கொடுக்காது. ஐந்து தூண் மட்டும் விறைத்து நின்றால் பாரம் அங்கே ஏறி, பக்கத்தில் ரிவிட் அறுந்து தகடு கிழியும். ஒன்று முழுக்க இரும்பு, இல்லை முழுக்க மரம். உங்கள் வண்டிக்கு மரம்தான்.

மேலே வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பாகம், நன்றாக இருக்கும்போது முழுத் தூணை எடுப்பது பாவம். நல்ல மரம் வரும் வரை வெட்டி, சாய்வாக ஒட்டுப் போடுங்கள். சாய்வின் நீளம் தூண் கனத்தைப் போல் எட்டு மடங்கு: இரண்டங்குலத் தூணுக்குப் பதினாறு அங்குலம். சரிவு வெளிப்பக்கம் பார்த்து இறங்கட்டும், தண்ணீர் தங்காது. தேக்கில் எண்ணெய் இருப்பதால் எப்பாக்சி பூசும் முன் தின்னரால் துடைத்து, உடனே ஒட்ட வேண்டும். ஒட்டுக்கு இரண்டு போல்ட்.

கொல்லைத் தேக்கில் வெள்ளை, அதாவது வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிர் மரம், நிறைய இருக்கும். அது கரையானுக்குத் தீனி. சீவித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் எடுங்கள்.

அப்புறம், ஏன் இற்றது என்று பார்த்தீர்களா? ஜன்னல் கண்ணாடி இறங்கும் காடிக்கு அடியில் வடிகால் ஓட்டை இருக்கும். அது அடைத்தால் மழைத் தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் இறங்கித் தூணின் அடியில் நிற்கும். மரம் வெட்டுமுகம் வழியாகத்தான் அதிகம் உறிஞ்சும். அந்த முகத்துக்கு இரண்டு தடவை எப்பாக்சி கொடுங்கள். முதலில் ஓட்டையைப் பாருங்கள்.

மாயவரம் டீசல்

அண்ணே, ஸ்டார்ட் பண்ணும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்து பென்ஸ் எஞ்சினில் ஆறும் தொடராக இணைத்திருக்கும், திருவிழா சீரியல் லைட் மாதிரி. ஒன்று போனால் ஆறும் சூடேறாது. மீட்டரில் ஒவ்வொன்றாகச் சோதித்தால் பத்து நிமிட வேலை.

ஆவணமும் முக்கியம். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு, இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். பஸ் அதில் வராது. பெயின்ட் அடிக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கும்பகோணம் போர்டு எழுத்து

தேய்ப்பதை இதோடு நிறுத்துங்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து தெரிந்த இடத்தில் டிரேசிங் தாளை ஒட்டி ஒவ்வொரு வளைவையும் பென்சிலில் எடுங்கள். அந்த ஒரு தகட்டைத் தொடாமல் உள்ளே மாட்டிவிட்டு, வெளியே புதுத் தகட்டில் அதே அளவில் எழுதலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னாவைக் கையால் எழுதியவர்கள் குறைந்துவிட்டார்கள். நான் எழுதியிருக்கிறேன். தகடு தயாரானதும் சொல்லுங்கள், பிரஷ்ஷோடு வந்துவிடுகிறேன். கூலி வேண்டாம்.

பூண்டி பட்டறை

கரூர் ஐயா, நேற்றே பார்த்தேன். ஏழு ஓட்டையும் அடைத்திருந்தன. சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் கிளறினால் கறுத்துப்போன உமியும் குளவிக்கூட்டு மண்ணும் கட்டியாக வந்தன. ஒரு சொம்புத் தண்ணீரைக் காடியில் ஊற்றினேன். இப்போது நேராகத் தரையில் விழுகிறது. வெல்டிங் அண்ணனிடம் குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாயவரம் தம்பி சொன்னபடியே மூன்றாவது பிளக் செத்திருந்தது. காணாமல் போன இரண்டு பித்தளை ஜன்னல் கொக்கிகளை வார்க்க நாச்சியார்கோயிலில் மாதிரி கொடுத்திருக்கிறேன். ஆறும்போது சுருங்கும் என்று மாதிரியைக் கொஞ்சம் பெரிதாக்கக் கேட்டார்கள்.

மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கினால் டில்லர்கள் வரிசையில் நிற்கும். அதற்குள் இடப்பக்கத் தூண்கள் ஐந்தும் ஒட்டிவிட வேண்டும். கும்பகோணம் அண்ணே, தகடு ஆவணியில் தயாராகிவிடும். அவசியம் வாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.