இன நல்லிணக்க நாளுக்கு உடை மாற்றினால் போதுமா?

ஜூரோங்_கதிர்:
ஜூலை 21 வரப்போகிறது, பள்ளியிலிருந்து சுற்றறிக்கையும் வந்தாச்சு. பிள்ளைகள் பாரம்பரிய உடையில் வரலாமாம், வேறு இனத்தாரின் உடை என்றால் இன்னும் நல்லதாம். 1997-ல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளைத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய இதேதான். தொடக்கநிலை 4 படிக்கும் என் மகளிடம் ஏன் அந்தத் தேதி என்று கேட்டால் தெரியவில்லை. 1964-ல் அன்றைக்குத்தான் பாடாங் திடலிலிருந்து கேலாங் பக்கம் போன நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் வெடித்து 23 பேர் செத்தார்கள், 454 பேருக்குக் காயம், செப்டம்பரில் மறுபடியும் வெடித்து இன்னும் 13 பேர். சரி, அவளுக்கு வயது பத்தாது என்றே வைத்துக்கொள்வோம். பள்ளிப் பேருந்தில் அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறானே ஒரு பையன், அதைப் பற்றிப் பேசவாவது அன்றைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம் இல்லையா? அந்தப் பையனும் அன்று ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து அவளோடு படம் எடுத்துக்கொள்வான்.

செங்காங்_அம்மா:
கதிர் அண்ணா, அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கண்டிக்கணும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் வகுப்பில் வைத்து இனவெறி என்று பாடம் நடத்தச் சொல்வது வேறு விஷயம். பத்து வயசுப் பிள்ளையிடம் "உன் தோலைப் பார்த்து ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லி அனுப்பினால், அப்புறம் யாராவது விளையாட்டில் சேர்க்கவில்லை என்றாலும் அதுதான் காரணம் என்று நினைப்பாள். என் மகன் மலாய்ப் பையனோடும் சீனப் பையனோடும் புளோக்குக்குக் கீழே தினமும் பந்து ஆடுகிறான். 1989-ல் வீவக வீடுகளுக்கு, அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு, ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தாரும் கலந்திருக்க இன ஒதுக்கீடு கொண்டுவந்ததால் கிடைத்த அக்கம்பக்கம் அது. பாடம் நடத்தி வந்த சிநேகிதமா?

உட்லண்ட்ஸ்_22:
அக்கா, நாம் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் இந்தியப் பிள்ளை. இந்தியரைக் கேலி செய்ய 'அப்பு நேநே' என்பார்கள், என்னை அப்படிக் கூப்பிட்டபோது அது என்ன சங்கதி என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரிடம் போனால் "விளையாட்டுக்குச் சொன்னான், கை குலுக்குங்கள்" என்று முடித்துவிட்டார். அடுத்த தடவையிலிருந்து அவர்கள் சிரிக்கும் முன் நானே சிரித்துவிடப் பழகிக்கொண்டேன். பாடம் எனக்குத் தேவைப்படவில்லை, சுற்றி உட்கார்ந்து சிரித்த அந்த முப்பது பேருக்குத்தான் தேவைப்பட்டது. நீங்கள் இரண்டு பேரும் நம் பிள்ளைக்கு என்ன சொல்வது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

மதுரைக்காரன்:
எல்லாம் கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. மக்கள்தொகையில் இந்தியர் 9 சதவிகிதம்தான், அதில் தமிழர் இன்னும் குறைவு. இருந்தும் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம், எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகை. வேறு எந்த நாட்டில் கிடைக்கும்? அதோடு நாம் மட்டும் என்ன யோக்கியம்? கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' கேட்கிறோம், ஊரில் சாதி பார்க்கிறோம், இங்கே வந்து நம்மை ஒதுக்குகிறார்கள் என்று அழுகிறோம்.

உட்லண்ட்ஸ்_22:
பெயர்ப்பலகையில் தமிழ் இருப்பதால் பேருந்துப் பையன் மூக்கிலிருந்து கையை எடுக்கப் போவதில்லை. மிகை என்றால் 2019-ல் வந்த அந்த மின்னியல் பணப்பட்டுவாடா (இ-பே) விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீன நடிகர் ஒருவருக்கு முகத்தைக் கறுப்பாக்கி இந்தியராகக் காட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், கோபத்தில் ராப் பாட்டுப் போட்ட இந்திய அண்ணன் தங்கைக்குப் போலீஸ் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கொடுத்தது. பாட்டில் கெட்ட வார்த்தை இருந்தது உண்மைதான், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வயதுப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளத்தான் கற்றுக்கொண்டோம். 2021-ல் லாரன்ஸ் வோங்கே பேசினார், எந்த நாட்டிலும் பெரும்பான்மையாக இருப்பதைவிடச் சிறுபான்மையாக இருப்பது கடினம் என்று. அமைச்சராக இருந்தவர் மேடையில் சொல்லலாம், ஆசிரியர் வகுப்பில் சொன்னால் மிகையா?

பழைய_வாத்தியார்:
நெடுங்காலம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கதிர் தம்பி கேட்கிற அந்த ஐந்து நிமிடம்தான் பள்ளியிலேயே கஷ்டமான ஐந்து நிமிடம். "யாரையும் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யக் கூடாது" என்று ஆசிரியர் வாயைத் திறந்ததும் வகுப்பே அந்த ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். அவளுக்கு அதுவே தண்டனை. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொலையான மறுநாள் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு நாள் ஒரு கூட்டம் உசத்தி, அடுத்த முறை மற்றக் கூட்டம் உசத்தி என்று நடத்திக் காட்டினார். உலகப் புகழ் பெற்ற பாடம். என் வகுப்பில் நான் செய்ய மாட்டேன், எட்டு ஒன்பது வயசுப் பிள்ளையை அழவைத்துப் புரியவைக்க எனக்கு மனசு வராது. அதற்காக உடை போட்டால் போதும் என்றும் சொல்லவில்லை. தப்பு என்னவென்றால், நாம் 1964-ஐச் சொல்லிச் சொல்லியே நல்லிணக்கம் கற்றுக்கொடுக்கிறோம். இனத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே தெருவில் ரத்தம் ஓடும் என்று ஆசிரியரும் பயப்படுகிறார், பிள்ளையும் பயப்படுகிறது. மூக்கைப் பிடித்தான் என்று புகார் சொல்ல வரும் பிள்ளை, ஏதோ கலவரத்தை மூட்டிவிட்டது போலக் கூனிக் குறுகி நிற்கும்.

ஜூரோங்_கதிர்:
சார், அப்படியென்றால் 64-ஐச் சொல்லவே வேண்டாமா?

பழைய_வாத்தியார்:
உயர்நிலையில் வரலாறாகச் சொல்லட்டும், மலேசியாவோடு இணைந்திருந்த காலத்தில் இரண்டு பக்கக் கட்சி அரசியலும் எப்படிச் சூடேற்றியது என்பதையும் சேர்த்து. தொடக்கநிலையில் அன்றாட விஷயம் போதும். நண்பனின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகு, அவன் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்காதே, யாரையாவது கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதே. இதை ஜூலையில் ஒரு நாள் மட்டும் சொன்னால் வேலைக்காகாது.

செங்காங்_அம்மா:
இது எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் இதற்குப் பெயர் மரியாதை, எந்த வீட்டிலும் சொல்லித்தருவது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) விடுதியில் தங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நம் பிள்ளைகளே நகர்ந்து உட்காருகிறார்கள், நாமும் பேசாமல் இருக்கிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் இதற்கும் இடம் உண்டா?

ஜூரோங்_கதிர்:
கண்டிப்பாக உண்டு தங்கச்சி. 2008-ல் சிராங்கூன் கார்டன்ஸில் தொழிலாளர் விடுதி வரக் கூடாது என்று குடியிருப்பாளர்கள் மனு கொடுத்தார்கள், கடைசியில் விடுதி வந்தது, ஆனால் தொழிலாளர்கள் அந்தப் பேட்டை வழியாக வராமலிருக்கத் தனிச் சாலையே போட்டார்கள். அதை எதிர்த்து அன்றைக்கு நம் ஆட்கள் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்? அதனால்தான் வெறும் மரியாதை என்று முடித்துவிட முடியாது என்கிறேன். முன்னால் நிற்கும் ஆளிடம் நன்றி, வணக்கம் எல்லாம் சொல்லிவிட்டு, அவர் நம் தெருவில் நடக்க மட்டும் கூடாது என்று மனுவில் கையெழுத்துப் போட முடியும்.

மதுரைக்காரன்:
அந்தச் சாலை விஷயம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் இதைத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதே என் கவலை. நாளைக்குச் சீனப் பெற்றோர் ஒருவர் "என் பையனை இனவெறியன் என்று சொல்லிவிட்டார்கள்" என்று கல்வி அமைச்சுக்கு எழுதுவார், அப்புறம் உள்ளதும் போகும்.

உட்லண்ட்ஸ்_22:
எழுதட்டும் அண்ணா. எங்கள் காலத்தில் எங்கள் பெற்றோர் யாருமே எழுதவில்லை.

பழைய_வாத்தியார்:
கதிர் தம்பி, பள்ளிக்கு எழுதுவதாக இருந்தால் பையனைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பேருந்தில் இன்ன நாள் இது நடந்தது, வகுப்பாசிரியர் என்ன செய்யப் போகிறார், எப்போது சொல்வார் என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் துணைத்தலைமையாசிரியரை நேரில் பாருங்கள்.

செங்காங்_அம்மா:
எழுதுங்கள் அண்ணா. ஆனால் உடைக் கொண்டாட்டத்தை நிறுத்தச் சொல்லி ஒரு வரி இருந்தாலும் நான் எதிராக எழுதுவேன், சொல்லிவிட்டேன்.