கிட்டார் ஆம்ப்ல ப்ரீஆம்ப் டியூப் மாத்தோணும், எதைப் போடறதுங்க?

சோமனூர் பையன்:
வணக்கம்ங்ணா. என்கிட்ட 15 வாட் டியூப் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பொட்டியில) ஒண்ணு இருக்குது, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, ப்ரீஆம்ப் டியூப் மூணு 12ஏஎக்ஸ்7, பவர் டியூப் ரெண்டு ஈஎல்84. ஒரு மாசமா கெயினைப் பாதிக்கு மேல வெச்சா ஙொய்ய்னு ஒரு ஊளை, கிட்டார் ஒயரைப் புடுங்குனாலும் நிக்க மாட்டீங்குது. கடையில கேட்டா அஞ்சையும் ஒட்டுக்கா மாத்துங்கறாங்க, அவங்க சொல்ற ரேட்டுக்கு இன்னொரு கிட்டாரே வாங்கிப்போடலாம். ஜேஜே கம்பெனி டியூப் போடறதா, ரஷ்யா டியூபா? பயாஸ் (டியூபுக்கு ஏத்தாப்புல கரண்டை செட் பண்றது) வேற பண்ணோணுமாமா?

கோபி மைக்செட்:
தம்பி, காசை எடுக்கறதுக்கு முன்னால ஒரு பென்சிலை எடுங்க. ஒயரைப் புடுங்குனா இன்புட் ஜாக் தானா கிரவுண்ட் ஆயிரும், அப்பவும் கத்துதுன்னா கிட்டார் மேல பழி இல்லை. ஆம்பை ஆன் பண்ணி, ரப்பர் வெச்ச பக்கமா ஒவ்வொரு டியூப் மண்டையிலயும் லேசா தட்டுங்க. லொட்டு லொட்டுனு கொஞ்சம் கேக்கும், அது பரவால்ல, மணியடிச்சாப்புல கணீர்னு எது இழுக்குதோ அதுதான் களவாணி. உள்ள தகடு கம்பியெல்லாம் லூசாயிருக்கும், ஸ்பீக்கர் அதிர அதிர அதுவே மைக்காட்ட புடிச்சுக்கும். எங்கப்பா நோம்பிக்கு மைக்செட் கட்டுன காலத்துல எல்லாமே வால்வு ஆம்ப்ளிஃபயர்தானுங், பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வு, வண்டியில குலுங்கிப் போயி எறக்குனதும் திருப்புளி கைப்புடியில இப்படித்தான் தட்டிப் பாப்பாரு.

இன்புட் ஜாக்குப் பக்கத்துல இருக்கற மொத டியூப்தான் வி1. அதுல வர்ற சின்ன சத்தம்கூட பின்னால ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் பெருசாயிட்டே போகும். அதனால கணீர்ங்கற டியூபைத் தூக்கி மூணாவது எடமான வி3ல போட்டு, அங்கிருந்ததை இங்க போட்டுப் பாருங்க, இந்த மாதிரி ஆம்ப்ல வி3 ஃபேஸ் இன்வெர்ட்டர் (சிக்னலை ரெண்டாப் பிரிச்சு பவர் டியூபுக்குக் குடுக்கறது), அங்க பெருசா தெரியாது. மாத்தறப்ப பிளக்கைப் புடுங்கி, சூடு ஆறுனப்புறம் நேரா மேல இழுங்க. சேஸிஸை (சர்க்யூட் இருக்கற தகரச் சட்டம்) மட்டும் கழட்டீராதீங்க, ஆஃப் பண்ணியிருந்தாலும் கெபாசிட்டர்ல 300 வோல்ட் பதுங்கியிருக்கும்.

ஈரோடு ப்ளூஸ்:
அண்ணன் சொன்னதே சரி. ப்ரீஆம்ப் டியூபுக்கு பயாஸ் எல்லாம் வேண்டீதில்லைங்க, பவர் டியூபுக்குத்தான் அந்தப் பேச்சு. ஈசிசி83னு போட்டிருந்தாலும் 12ஏஎக்ஸ்7தான், அது ஐரோப்பாக்காரங்க வெச்ச பேரு. ஸ்லோவாக்கியா ஜேஜே என் காதுக்குக் கொஞ்சம் மெத்துனு இருக்கும், ரஷ்யாவுல சரடோவ்ல செய்யற எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் சித்த பளிச்னு. நெசமா சொன்னா பிராண்டை விட டியூபோட கெயின் (எத்தனை மடங்கு பெருசாக்கும்ங்கறது)தான் பெரிய வித்தியாசம், 12ஏஎக்ஸ்7 100னா 5751ங்கற டியூப் 70, 12ஏடி7ங்கறது 60. கிளீனா வாசிக்கறவரா இருந்தா வி1ல 5751 போடுங்க, வால்யூமைத் தொட்டதும் பொரியறது கொறையும். "பழைய ஸ்டாக், புத்தம்புதுசு"னு சொல்லி மூணு மடங்கு கேப்பாங்க, டெஸ்ட் பண்ணிக் காட்டாம வாங்காதீங்க.

சோமனூர் பையன்:
பக்கத்துல தறி ஓடறப்ப தட்டுனா ஒண்ணுமே காதுல விழுகலைங்ணா, ஞாயித்துக்கெழமை நிறுத்துனப்புறம்தான் பாத்தேன். வி1தான், தட்டுனா கோயில் மணியாட்டம்! வி3ல தூக்கிப் போட்டேன், ஊளை போயிருச்சு, கெயின் 8 வெச்சாலும் வெறும் உஸ்ஸுதான். ஒரே ஒரு 5751 ஆர்டர் போட்டுட்டனுங்க. வி1 மேல ஒரு தகர மூடி இருந்திருக்கோணும் போல, அதை மாட்டற வளையம் மட்டும் காலியா இருக்குது, அது இல்லாம ஓட்டலாமா?

கோபி மைக்செட்:
ஓடும், ஆனா வி1க்கு மூடி இருந்தா ஹம் இரைச்சல் கொறையும். பழைய ரேடியோ கடையில 9 பின் வால்வு மூடின்னு கேளுங்க தம்பி.