பிளாட்டரில் நீள வேலை ஓட்டும்போது வினைல் ஒரு பக்கமாக நகர்கிறது, என்ன செய்யலாம்?

கருங்கல் தம்பி:

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி வேண்டும். கடையில் இருப்பது 720 மி.மீ. அகல சீன பிளாட்டர் (ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்), வினைலை மேலிருந்து அழுத்திப் பிடிக்க இரண்டு பின்ச் ரோலர் (ரப்பர் சக்கரம்), டிசைனை கோரல்டிராவிலிருந்து அனுப்புகிறேன். பைக் நம்பர், ஹெல்மெட் ஸ்டிக்கர், கடைக் கண்ணாடி எழுத்து என்று சின்ன வேலையெல்லாம் கச்சிதமாக வெட்டுகிறது. நீள வேலை வந்தால்தான் தொல்லை. குளச்சலில் ஒரு படகுக்குப் பக்கவாட்டில் ஒட்ட மூன்று மீட்டர் நீளத்துக்குப் பெயரும், அதற்குக் கீழே இரண்டு பட்டைக் கோடும் வேண்டும். 24 அங்குல வினைல் (ஸ்டிக்கர் ஷீட்) ரோலைப் போட்டு ஓட்டினால் ஒன்றரை மீட்டர் தாண்டுவதற்குள் வினைல் வலது பக்கமாக நகர்ந்து, இடது ஓரம் இடது பின்ச் ரோலருக்குக் கீழிருந்து நழுவிவிடுகிறது, அப்புறம் எல்லாம் மடங்கிச் சுருட்டிக்கொண்டு அந்தத் துண்டே வீண். வலது பக்கம்தான் அதிகமாக இழுக்கிறது என்று நினைத்து பின்ச் ரோலரை அழுத்துகிற இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் மாற்றி மாற்றி முறுக்கிப் பார்த்தாயிற்று. மெஷின் விற்றவரிடம் கேட்டால் "ரோலை நேராப் போடுங்க" என்பதோடு சரி. நேராகத்தானே போடுகிறேன்! ஜூலை 31-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, அதற்குள் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

மார்த்தாண்டம் 75:

முதலில் இதைச் சொல்லுங்கள், ரோலை மெஷினே இழுத்து அவிழ்க்கிறதா, நீங்கள் முன்கூட்டியே அவிழ்த்து விடுகிறீர்களா? சின்ன வேலை சரியாக வருகிறது, நீள வேலை ஓடுகிறது என்றாலே எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். புது ரோல் நல்ல கனம். அதை இழுத்து உருட்டுகிற வேலையைப் பின்ச் ரோலரிடம் விட்டால் ஏதாவது ஒரு பக்கம் பிடி விடத்தான் செய்யும். மூன்று மீட்டர் வெட்டவேண்டும் என்றால் மூன்றரை மீட்டரைக் கையால் அவிழ்த்து மெஷினுக்குப் பின்னால் தளர்வாகத் தொங்க விடுங்கள். தரையில் புரளாமல் கீழே பழைய ஃபிளக்ஸ் துண்டு ஒன்றை விரித்துவிட்டால் மண்ணும் ஒட்டாது.

கோட்டாறு பழைய கை:

மேலே சொன்னது சரி, ஆனால் அது மட்டும் போதாது. தம்பி, ஸ்பிரிங்கை முறுக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அழுத்தம் கூடினால் ரப்பர் தட்டையாகும், வினைலில் தடம் விழும், கோளாறு எங்கே என்பதும் மறைந்துவிடும். இரண்டு பக்கத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள்.

பிளேடைக் கழற்றிவிடுங்கள். ரோலைத் தளர்த்திவிட்டு வினைலைப் போட்டு, இடது ஓரம் இருக்கும் இடத்தில் மெஷின் பலகை மேல் ஒரு மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். இப்போது வெறுமனே அரை மீட்டர் வெளியே ஓட்டி, ஓரம் எவ்வளவு நகர்ந்தது என்று குறியுங்கள். அப்புறம் இன்னொரு அரை மீட்டர், இன்னொரு அரை மீட்டர். முதல் கோட்டிலிருந்து 2, 4, 6 மி.மீ. என்று சீராக ஏறினால் வினைல் கோணலாக ஏற்றப்பட்டிருக்கிறது, மெஷின்மேல் குற்றமில்லை. 1, 4, 9 என்று போகப் போக வேகமாக ஏறினால் நீங்கள் எவ்வளவு நேராக ஏற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிடக் குறைவாக நகர்கிறது, ஷீட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே வருகிறது. அதனால்தான் கைநீள வேலையில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது வகையாக இருந்தால் எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லோரும் குழம்புவது. பின்ச் ரோலருக்கு அடியில் ஓரம் வலது பக்கம் நகர்கிறது என்று நீங்கள் வலது பக்கத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். முன்னால் தொங்குகிற நுனியைப் பாருங்கள், அது இடது பக்கம் சாய்ந்திருக்கும். இடது பக்கம் வழுக்கிப் பின்தங்குகிறது, வலது பக்கம் முந்துகிறது, அதனால் நுனி இடப்பக்கமாகத் திரும்புகிறது, பின்னால் இருக்கும் பாகம் வலப்பக்கமாக ஒதுங்கி வருகிறது. நுனி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் பிடி குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடி குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்குதான். ரப்பர் சக்கரத்தில் பசை ஏறிப் பளபளவென்று இருந்தால் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். தின்னர் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். கீழே சொரசொரப்பாக இருக்கும் கிரிட் ரோலரில் வினைல் தூளும் பேப்பர் தூளும் அடைத்திருக்கும், காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளையாக உதிரும். பின்ச் ரோலர் அந்தச் சொரசொரப்புப் பட்டையின் நடுவில்தான் இறங்க வேண்டும், பாதி பட்டையிலும் பாதி வழவழப்பிலும் நின்றால் அந்தப் பக்கம் வழுக்கத்தான் செய்யும். வினைல் ஓரத்திலிருந்து ஒன்றோ ஒன்றரையோ செ.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும்.

கருங்கல் தம்பி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். 1, 4, 8 என்று வந்தது, அதாவது நீங்கள் சொன்ன இரண்டாவது வகை. நுனியும் இடது பக்கம்தான் சாய்கிறது. இடது ரப்பரில் கறுப்பாக ஒரு வளையம், நகத்தால் கீறினால் பசை. துடைத்த பிறகு மூன்றாவது குறி 3 மி.மீ. ஆகக் குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. ரப்பரே தேய்ந்திருக்குமா, இல்லை சக்கரத்தைத் தாங்குகிற கை மேலே இருக்கிற ஸ்பிரிங்கா?

கோட்டாறு பழைய கை:

இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள், சின்ன லாக் ஒன்றுதான் இருக்கும், அது தெறித்து எங்காவது போய்விடாமல் கையை மேலே வைத்துக்கொண்டு எடுங்கள். மாற்றியதும் சாய்வு வலது பக்கம் போனால் சக்கரம்தான் தேய்ந்திருக்கிறது. அப்போதும் இடது பக்கமே சாய்ந்தால் ஸ்பிரிங், இல்லாவிட்டால் அந்த இடத்துக் கிரிட் பட்டை. கிரிட் என்று சந்தேகம் வந்தால் பின்ச் ரோலரை அடுத்த பட்டைக்கு நகர்த்திப் பாருங்கள், அதற்கு ஏற்ற அகலத்தில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டால் போதும்.

தக்கலைக்காரன்:

இவ்வளவு பாடுபட்டு மூன்று மீட்டரை ஒரே ஓட்டத்தில் வெட்ட வேண்டிய அவசியம் என்ன? படகின் பக்கம் தட்டையாகவா இருக்கிறது? முன் மூக்கு நோக்கி வளைந்து ஏறும், மூன்று மீட்டர் துண்டை அதில் சுருக்கமில்லாமல் ஒட்டவே முடியாது. பெயரை எழுத்து எழுத்தாகவோ இரண்டு மூன்று எழுத்தாகவோ பிரித்து வெட்டி, படகில் சாக்பீஸால் நூல் பிடித்துக் கோடு அடித்து ஒட்டுங்கள். அரை மீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியதே இல்லை. கோரலில் ஒவ்வொரு துண்டுக்கும் மூலையில் சின்ன ஒட்டுக் குறி வைத்துவிட்டால் வரிசை மாறாது.

மார்த்தாண்டம் 75:

எழுத்துக்குச் சரி, பட்டைக் கோட்டுக்கு அது ஆகாது. கோட்டை நடுவில் வெட்டினால் இணைப்பு தெரியும், ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் உப்புத் தண்ணீர் முதலில் புகுவது அந்த விளிம்பில்தான். கோட்டை மட்டும் நீளமாக வெட்டட்டும்.

கோட்டாறு பழைய கை:

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நான் பெயரைப் பிரித்து வெட்டச் சொல்வேன், கோட்டுக்குப் பிளாட்டரே வேண்டாம், ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் போதும். ஆனால் மெஷினைச் சரி செய்யாமல் விட்டுவிடக் கூடாது, நாளைக்குச் சுற்றுலா வேன் முழுக்க ஸ்டிக்கர் என்று ஒருவர் வந்து நிற்பார்.

ஆரல்வாய்மொழி:

யாரும் பேசாத ஒன்று. இது ஜூலை, அங்கே தென்மேற்கு மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும். வினைலின் பின்தாள் காகிதம், ஈரத்தை உறிஞ்சும். ரோலின் ஓரம் முதலில் உறிஞ்சும், நடுப்பகுதி உறிஞ்சாது, அதனால் ஓரம் மட்டும் அலை அலையாக எழும்பி நிற்கும். சாயங்காலம் ரோலைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஓரத்தைப் பாருங்கள், நெளிவு இருந்தால் வெளிச் சுற்று ஒன்றிரண்டைக் கழித்துவிட்டு உள்ளே இருப்பதைப் போட்டுப் பாருங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசியிலும் இதே கதைதான், ஆகவே வேலை முடிந்ததும் வந்த பிளாஸ்டிக் உறையிலேயே திரும்பப் போட்டு நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டு மேலே நாலு ரோலை அடுக்கினால் அது வேறு வளையும்.

காற்றையும் கவனியுங்கள். எங்கள் ஊரில் ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஷட்டர் திறந்திருந்தால் முன்னால் தொங்குகிற வினைலைப் பாய்மரம் போல ஒரு பக்கமாகத் தள்ளும். ஃபேன் கூட அந்த வேலையைச் செய்யும். வெட்டும் நேரம் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

இன்னும் ஒன்று, ரோல் எங்கே வாங்கினீர்கள்? நாலடி ரோலை ஹேக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்து இரண்டடி என்று விற்கிறவர்கள் உண்டு. அந்த ஓரம் நேராக இருக்காது, அறுத்த தூளும் பசையில் ஒட்டியிருக்கும். அந்த ஓரத்தை வைத்து நேராக்கினால் எவ்வளவு கவனித்தாலும் கோணல்தான், கம்பெனி ஓரம் எது என்று பார்த்து அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருங்கல் தம்பி:

அண்ணே, நீங்கள் சொன்ன பிறகுதான் பார்த்தேன், ரோலின் ஒரு ஓரம் வழவழப்பு, இன்னொன்று சொரசொரவென்று தூளோடு இருக்கிறது. அதுவும் இடது பக்கம்தான்! சக்கரத்தை மாற்றிப் போட்டதில் சாய்வு இடம் மாறவில்லை. ரோலைத் திருப்ப வழியில்லை, வினைல் முகம் மேலே இருக்க வேண்டுமே. இந்த ரோலை என்ன செய்வது, தூக்கிப்போடவா?

கோட்டாறு பழைய கை:

ஏன் தூக்கிப்போட வேண்டும். தேவையான நீளத்தை வெட்டி மேசையில் விரித்து, நல்ல ஓரத்திலிருந்து அளந்து, அறுத்த பக்கத்தில் இரண்டு செ.மீ. பட்டையை ஸ்கேல் வைத்துக் கழித்துவிடுங்கள். தூள் போன பிறகு இடது கிரிட்டை மறுபடி பிரஷ் போட்டு, சுத்தமான துண்டோடு அதே குறிச் சோதனையைச் செய்யுங்கள். 1 மி.மீ.க்குள் வந்தால் மெஷினை விடுங்கள். அப்போதும் ஏறினால் இடது ஸ்பிரிங், அது மலிவான சாமான், புதிதாகப் போடும்போது இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள்.

வெட்டுவதற்கு முன் முழு நீளத்தையும் ஒரு தடவை வெளியே ஓட்டி உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், கிரிட்டின் சொரசொரப்பு பின்தாளில் பதிந்து தடம் பிடிக்கும். வேகத்தையும் பாதியாகக் குறையுங்கள். பிளேடு பின்தாளை ஆழமாகக் கீறினாலும் ஷீட்டை இழுக்கும், தாளில் லேசான கோடு தெரிகிற அளவுக்கு அழுத்தம் இருந்தால் போதும்.

கருங்கல் தம்பி:

கழித்துவிட்டுப் போட்டேன், ஒன்றரை மீட்டருக்கு அரை மி.மீ. கூட இல்லை. பெயரை மூன்று துண்டாக வெட்டியாயிற்று, கோட்டைக் கையால் வெட்டப் போகிறேன். ஸ்டீல் ஸ்கேல் ஒரு மீட்டருக்கு மேல் நாகர்கோவிலில் கிடைக்குமா?

தக்கலைக்காரன்:

அலுமினிய ஃபேப்ரிகேஷன் கடையில் ஒரு செவ்வகப் பைப் துண்டு வாங்குங்கள், ஸ்கேலைவிட நேராக இருக்கும், விரலும் தப்பும்.