வெப்பிசைவியா, வெப்பிசைவா?

அன்புடையீர், வணக்கம்.

உடல்வெப்பத்தைச் சுற்றுப்புற வெப்பத்தின் போக்கிலேயே விட்டுவிடும் உயிரினத்தைக் குறிக்கும் தெர்மோகன்ஃபார்மர் (thermoconformer) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள 'வெப்பத் தகவமைவி' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. தகவமைப்பு என்பது பல தலைமுறைகளாக இயற்கைத் தேர்வால் உருவாகி உடலில் நிலைத்துவிட்ட பண்பைக் குறிக்கும் சொல்லாகப் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. இங்கே பேசப்படுவதோ, ஒரு பல்லி தன் உடல்வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றின் போக்கிலேயே விட்டுவிடும் அன்றாட நடத்தை. இரண்டையும் ஒரே வேரில் கட்டினால் மாணவர் குழம்புவர். 'குளிர் இரத்தப் பிராணி' என்ற வழக்கு விளைத்த குழப்பமே இன்னும் தீரவில்லை: நம் உடல்வெப்பம் 37 பாகை செல்சியசு என்றால், அவ்வழக்கில் அடங்கும் பாலைவன இகுவானா என்ற பல்லியோ 40 பாகைக்கும் மேலான உடல்வெப்பத்தோடு ஓடியாடுகிறது.

காற்றின் போக்கில் விடாமல் உடல்வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் எதிரான நடத்தையைப் புதுச்சேரியில் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே காணலாம். காலை ஏழரை மணிக்கு ஓணான் வேலிக்காலில் ஏறி, உடலைத் தட்டையாக்கி, விலாவை வெயிலுக்கு நேரே திருப்பி, கருத்த நிறத்தோடு அசையாமல் கிடக்கும். பத்து மணிக்குள் நிறம் வெளிறி, அதே காலின் நிழற்பக்கத்துக்கு நகர்ந்திருக்கும். இதற்கு 'வெப்பச் சீராக்கம்' பொருந்தும். அதன் முதற்பகுதிக்கு 'வெயில் காய்தல்' என்ற சொல் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். (1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கியூவியே விசிறித்தொண்டை ஓணானுக்கு இட்ட சிட்டானா பாண்டிசெரியானா என்ற பெயர் எங்கள் ஊரிலிருந்து பிறந்தது; வெயில் காய்வதில் அதுவும் சளைத்ததன்று.)

காற்றின் வெப்பத்தோடு இசைந்து போவதால் 'வெப்பிசைவி' என்று முதலில் நினைத்தேன். ஆனால் போர்ட்டோ ரிக்கோத் தீவின் அனோலிஸ் கிரிஸ்டடெல்லஸ் என்ற சிறு பல்லி என் எண்ணத்தை மாற்றியது. உயிரியலாளர் ரேமண்ட் ஹியூயி 1974-இல் வெளியிட்ட ஆய்வின்படி, திறந்த வெளியில் இது வெயில் காய்ந்து உடல்வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது. அருகிலுள்ள காட்டுக்குள்ளோ அவ்வாறு செய்யாமல், காற்றின் வெப்பத்தையே தன் வெப்பமாக ஏற்கிறது. காட்டில் வெயில் விழும் இடங்கள் சிலவே, அவையும் ஒன்றுக்கொன்று தொலைவு. அவற்றைத் தேடி அலைந்தால் நேரமும் ஆற்றலும் செலவாவதோடு, பகைவிலங்கின் கண்ணிலும் பட நேரும். செலவு வரவை மிஞ்சும்போது இசைந்து போவதே ஆதாயம். ஆகவே இது இனத்தின் அடையாளமன்று. இடத்துக்கு ஏற்ப மாறும் ஒரு செயல். 'இ' விகுதி சேர்த்து ஓர் உயிரினத்துக்குப் பெயராக்கினால், அந்தப் பல்லியை எந்தப் பட்டியலில் வைப்போம்?

எனவே 'வெப்பிசைவு' என்ற தொழிற்பெயரையே தலைச்சொல்லாகக் கொள்ள வேண்டுகிறேன். அதிலிருந்து 'வெப்பிசைந்து வாழும் பல்லி', 'காட்டில் வெப்பிசைவும் வெளியில் வெப்பச் சீராக்கமும்' என்று தடையின்றி எழுதலாம். தாமாக வெயில் காயாமல் அடர்நிழலிலேயே வாழும் அனோலிஸ் கண்ட்லாகி போன்றவற்றை 'முழு வெப்பிசைவுடையவை' எனலாம். காடு சூடேறினால் அவற்றின் உடலும் கூடவே சூடேறும். ஒதுங்குவதற்கு அதைவிடக் குளிர்ந்த நிழல் எளிதில் கிடைக்காது. இன்றைய பருவநிலைக் கட்டுரைகளில் இச்சொல் அடிக்கடி வேண்டியிருப்பது இதனால்தான்.

'வெப்பு' என்றால் காய்ச்சல் நோய் நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் தனியே கேட்டார். வெப்பு என்பதற்கு வெம்மை என்ற பொருளும் உண்டு. ஆயினும் நெருடலாகத் தோன்றுவோர் 'வெப்ப இசைவு' என்று பிரித்தே எழுதலாம். 'தகவமைவி' வேண்டாம் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.