தம்பிக்கு ஹீமோகுளோபின் 19, காரணம் தலைக்குள்ள இருக்கற கட்டியா?

மதுரக்காரன்:
தம்பிக்கு 28 வயசு. மூணு மாசமா விடிஞ்சா தலைவலி, நடந்தா லேசா தள்ளாடுறான். ஹீமோகுளோபின் 19 இருக்கு, ரொம்ப அதிகமாம், சிகரெட் பழக்கம் கிடையாது. முதல்ல பாத்த டாக்டர் ரெண்டு தடவை ரத்தத்தை எடுத்து விட்டார், ஒரே மாசத்துல திரும்ப ஏறிருச்சு. இப்ப வேற ஒருத்தர் எம்ஆர்ஐ எடுத்துட்டு சிறுமூளைல ஹீமாஞ்சியோபிளாஸ்டோமாங்கற ரத்தக்குழாய் கட்டி, பரம்பரையா பல உறுப்புல கட்டி வர்ற வான் ஹிப்பல் லிண்டாவ் (விஹெச்எல்) நோயா இருக்கலாம், குடும்பத்துல யாருக்காச்சும் கிட்னி கட்டி, கண் பிரச்சினை உண்டான்னு கேக்குறார். அப்பா 46 வயசுல கிட்னி கேன்சர்ல போனார். அத்தைக்கு சின்ன வயசுலயே ஒரு கண்ணு போச்சு, அம்மை போட்டதுலன்னு வீட்ல சொல்லுவாங்க. மூளைக்கட்டிக்கும் ரத்தம் ஏறுறதுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த வாரம் ஆபரேஷன்.

லேப்காரன்:
சம்பந்தம் இருக்கு ப்ரோ. ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஹிஃப்னு ஒரு புரோட்டீனை அழிக்கறதுதான் விஹெச்எல் ஜீனோட வேலை, அது கெட்டுப்போனா செல்லு மூச்சு முட்டுதுன்னு நெனச்சுக்கிட்டு ரத்தக்குழாயை வளர்க்கும், சில கட்டி சிவப்பணுவைக் கூட்டற எரித்ரோபொய்டின்ங்கற ஹார்மோனும் சுரக்கும், அதான் சிவப்பணு ஏறுது. 2019 நோபல் பரிசு இந்த விஷயத்துக்குத்தான். கட்டியை எடுத்தா பெரும்பாலும் இறங்கிரும், ரத்தத்தை மட்டும் எடுத்துக்கிட்டே இருந்தா ஓட்டைக் குடத்துல தண்ணி புடிக்கற கதைதான்.

காதுகேளா கணவன்:
எங்க வீட்ல இதே நோய் காதுல ஆரம்பிச்சது. மனைவி போனை இடது காதுக்கு மாத்திப் பேச ஆரம்பிச்சா, நான் கவனிக்கவே இல்ல. வைரஸ்னு சொல்லி ஸ்டீராய்டு குடுத்தாங்க, நாலு வருஷம் கழிச்சுதான் உள்காதுக்கிட்ட கட்டின்னு தெரிஞ்சது. போன காது திரும்பல.

மயக்கமருந்து அக்கா:
தம்பி, இதைக் கட்டாயம் கேளுங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி மெட்டாநெஃப்ரின் டெஸ்ட் எடுத்தாச்சா? இந்த நோய்ல கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பில பிபியை ஏத்தற ஃபியோகுரோமோசைட்டோமாங்கற கட்டி ஒளிஞ்சிருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த டெஸ்ட், தெரியாம மயக்கம் குடுத்தா பிபி எகிறி உயிருக்கே ஆபத்தாயிரும். இருந்தா முதல்ல ஆல்ஃபா பிளாக்கர்ங்கற பிபி மருந்து, அப்புறம்தான் மத்தது. அப்புறம் ஜீன் டெஸ்ட். பாதிச்சவங்களோட ஒவ்வொரு புள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு, அதனால நீங்களும் எடுக்கணும். கண்ணை சின்ன வயசுலேருந்தே வருஷா வருஷம் பாக்கணும். இந்த நோய்க்கு பெல்சூட்டிஃபான்னு 2021ல அமெரிக்காவுல அனுமதிச்ச மாத்திரை இருக்கு, விலையைக் கேட்டா நமக்கே மயக்கம் வரும்.

மதுரக்காரன்:
டெஸ்டுக்கு எழுதி வாங்கிட்டேன் அக்கா, ரொம்ப நன்றி. நேத்து அத்தை பையனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு 19 வயசுலேருந்தே பிபி மாத்திரையாம், டென்ஷன் பார்ட்டின்னு நாங்கல்லாம் கிண்டல் பண்ணுவோம்.