குடிநீர்க் குழாய் வடிவமைப்பு: இன்னும் மனத்தை உறுத்தும் ஓர் அனுபவத்தைப் பகிருங்கள்

நீரேற்றி:
பாதித் தளங்களுக்கு இன்னும் யாரும் குடிவராத அலுவலகக் கட்டிடம் அது. ஒன்பதாம் தளத்தின் கடைக்கோடியில் இருந்த குடிநீர் டேப்பைத் திறந்தால், ரப்பர் வாடையடிக்கும் வெதுவெதுப்பான நீர் வந்தது. குளிர்ந்த நீர் எட்டிப்பார்ப்பதற்குள் ஒரு வாளி நிரம்பி, இரண்டாவதும் பாதியாகிவிட்டது. வரைபடத்தை விரித்தால், அந்த ஒற்றை டேப்புக்கு 50 மி.மீ. கிளைக் குழாய் ஓடுகிறது. அந்த அளவில் மீட்டருக்கு ஏறத்தாழ 2 லிட்டர் தேங்கும், 25 மி.மீ. என்றால் அரை லிட்டர்தான். ஒவ்வொரு டேப்புக்கும் கழிப்பறைச் சாதனத்துக்கும் நீர்த்தேவைப் புள்ளி கொடுத்துக் கூட்டும் ஃபிக்ஸர் யூனிட் கணக்கு அப்படித்தான் சொன்னது என்றார்கள். அந்தப் புள்ளிகளை உச்ச நீரோட்டமாக மாற்ற அமெரிக்காவின் ராய் ஹன்டர் 1940இல் தந்த வளைகோட்டை, சிக்கனமாக நீர் விடும் இன்றைய சாதனங்களுக்கு அப்படியே பொருத்தினால் குழாய் பருக்காமல் என்ன செய்யும்?

தாமிரக்குழாய்:
குழாயைச் சிறிதாக்குவதே தீர்வு என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், பயன்படாத வெந்நீரைத் தொட்டிக்கே திருப்பிக் கொண்டுவரும் குழாயின் எல்போ (வளைவு இணைப்பு) ஒன்று ஊசித்துளை விட்டுக் கசிந்தது. அதை அறுத்துப் பார்த்தபோது, உட்புறத் தாமிரம் பளபளவென்று தேய்ந்து, குதிரை லாட வடிவில் குழி குழியாக இருந்தது. குறுகிய குழாயில், தேவைக்கு மிஞ்சிய பம்ப் இரவும் பகலும் நீரை விரட்டியதன் விளைவு அது. தாமிரத்தில் வெந்நீரின் வேகத்தை விநாடிக்கு 1.5 மீட்டருக்குள் நிறுத்துவது வெறும் ஏட்டு விதியன்று.

கலவைவால்வு:
இருவரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். குளிர்நீர் டேப்பில் வெந்நீர் வந்ததை நானும் கண்டிருக்கிறேன்; ஒரு குளியலறையில் மிக்ஸரின் இரு பக்கங்களையும் திறந்துவைத்து, கைஷவரின் பொத்தானை மட்டும் மூடியிருந்தார்கள். நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்ரிட்டர்ன் வால்வு இல்லாததால் வெந்நீர் குளிர்நீர்க் குழாய்க்குள் புகுந்தது. ஆகவே, நீரேற்றி அவர்களே, முதலில் அந்தத் தளத்திலுள்ள மிக்ஸர்களுக்கு நீர் வரும் இடத்திலுள்ள ஆங்கிள் காக்குகளை (அடைப்பு வால்வுகளை) ஒவ்வொன்றாக மூடிச் சோதியுங்கள். வெந்நீர்த் தொட்டியில் 60 டிகிரியும், திரும்பும் குழாயில் குறைந்தது 50 டிகிரியும் இருக்கின்றனவா என்று தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள், கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஆளில்லாத தளங்களில் வாரத்துக்கு ஒரு முறையேனும் எல்லா டேப்புகளையும் திறந்துவிடச் சொல்லுங்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீர், நுரையீரல் அழற்சி தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகுவதற்குத் தோதானது. பயன்படாத கிளைகளை, முதன்மைக் குழாயிலிருந்து அவை பிரியும் T இணைப்பிலேயே வெட்டி அடைத்துவிடுங்கள். நடுவில் வால்வை மூடினால், அதற்கு முன்னுள்ள பகுதியில் நீர் தேங்கியே கிடக்கும்.

நீரேற்றி:
அறிவுரைக்கு நன்றி. அந்தத் தளத்தில் வெந்நீர் இணைப்பே கிடையாது. கிளைக் குழாய் காப்புறையின்றி ஃபால்ஸ் சீலிங்குக்குள், வெயில் காயும் சுவரையொட்டிச் செல்கிறது. 50 மி.மீ. எதற்கு என்று மீண்டும் கேட்டதற்கு, பின்னாளில் அங்கே ஒரு கேன்டீன் வரலாம் என்று பதில் வந்திருக்கிறது.